இன்னொரு தாயின் பால்

ஆண்டீஸ் மலைகளில் அல்பாகா பெரும்பாலும் காலையில்தான் ஈனும். விடிந்ததிலிருந்து உச்சிப்பொழுது வரை உள்ள சில மணி நேரம்தான் அதற்கு உகந்த வேளை. அது மேய்வது பெருவிலும் பொலிவியாவிலும் கடல் மட்டத்துக்கு 4,000 மீட்டர் மேலே உள்ள மேய்ச்சல் நிலங்களில். பகலில் தோலைச் சுடும் வெயில், இரவில் தண்ணீரை உறைய வைக்கும் குளிர், இரண்டும் அங்கே ஒரே நாளில் வந்துபோகும். குட்டி நனைந்த உடம்போடு தரையில் விழுகிறது. பசுவும் ஆடும் செய்வதுபோல அல்பாகா தன் குட்டியை நக்கி உலர்த்தாது. ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்த இந்த விலங்கின் நாக்கு, நக்கிவிடும் அளவுக்கு வெளியே நீளாது. வெயிலும் காற்றும்தான் குட்டியைக் காயவைக்க வேண்டும். இருட்டுவதற்குள் அது உலர்ந்து, எழுந்து நின்று, மடியைத் தேடிக் கண்டுபிடித்து, வயிறு நிறையக் குடித்திருக்க வேண்டும்.

அந்தத் தாய் ஈன்றதும் இறந்துவிட்டால்? மடியில் பால் இறங்காவிட்டால்? வெள்ளாடு வளர்ப்பவருக்கு இந்தச் சங்கடம் இன்னும் அடிக்கடி வரும். ஆட்டுக்குக் காம்பு இரண்டு. ஒரே ஈற்றில் மூன்று குட்டிகள் விழுந்தால் ஒன்று பின்தங்கும். நம் தென்மாவட்டங்களின் கன்னி ஆடுகளில் இரட்டைக் குட்டி சாதாரணம், மூன்றும் உண்டு. அப்போது மனிதர் ஒருவர் பால்புட்டியைக் கையில் எடுக்கிறார். அதில் எந்தப் பாலை ஊற்றுவது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் பொருள்.

பலரும் பாக்கெட்டின் பின்புறம் அச்சிட்ட எண்களில் விடை தேடுகிறார்கள். கொழுப்பு எத்தனை சதவீதம், புரதம் எத்தனை, அது தாயின் பாலோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார்கள். எண்கள் வேண்டும்தான், ஆனால் அவை மூன்றாவது கேள்விக்கு விடை. முதல் கேள்வி, குட்டி பிறந்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பது. இரண்டாவது, எந்தச் சர்க்கரையை, எந்தப் புரதத்தை உடைக்கும் திறனோடு அதன் குடல் பிறந்திருக்கிறது என்பது. இந்த இரண்டையும் கேட்காமல் சதவீதங்களை மட்டும் பொருத்திப் பார்ப்பதால் காப்பாற்றியிருக்கக்கூடிய குட்டிகளை இழக்கிறோம் என்பது என் உறுதியான எண்ணம்.

முதல் கேள்வியிலிருந்து தொடங்குவோம். மனிதக் குழந்தை பிறக்கும்போதே தாயின் நோயெதிர்ப் புரதங்களில் ஒரு பங்கை ரத்தத்தில் ஏந்தி வருகிறது. கருப்பையில் இருக்கும்போதே நஞ்சுக்கொடி வழியாக அவை கடந்துவிடுகின்றன. வெள்ளாட்டுக்கும் அல்பாகாவுக்கும் அந்த வழி அடைபட்டது. அவற்றின் நஞ்சுக்கொடியில் தாயின் ரத்தத்துக்கும் கருவின் ரத்தத்துக்கும் நடுவே செல் அடுக்குகள் அதிகம். ஆக்சிஜன் போகும், குளுக்கோஸ் போகும். பெரிய மூலக்கூறான நோயெதிர்ப் புரதம் போகாது. எனவே குட்டி ஏறக்குறைய வெறுங்கையோடு கிருமிகள் நிறைந்த தொழுவத்துக்குள் வருகிறது. அதற்கான பாதுகாப்பு முழுவதையும் தாய் சீம்பாலில் வைத்திருக்கிறது.

சீம்பாலில் உள்ள நோயெதிர்ப் புரதம் செரிக்கப்படாமல் முழுசாக ரத்தத்தில் சேர வேண்டும். அதற்காகப் பிறந்த குட்டியின் குடற்சுவர் ஒரு தற்காலிக அனுமதி வைத்திருக்கிறது. பெரிய புரதங்களை அப்படியே விழுங்கி ரத்தத்துக்குள் கடத்தும் செல்கள் அங்கே உள்ளன. இந்த அனுமதி மணிக்கு மணி குறைந்து, ஏறக்குறைய 24 மணி நேரத்தில் முடிந்துபோகிறது. முதல் 6 மணி நேரத்தில் குடித்தது மிகச் சிறப்பாகச் சேரும். மறுநாள் மாலையில் எவ்வளவு நல்ல சீம்பால் கொடுத்தாலும் அது குடலுக்குள்ளேயே வேலை செய்யும், ரத்தத்துக்கு வராது. முதல் நாளுக்குள் குட்டியின் எடையில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு சீம்பால் உள்ளே போயிருக்க வேண்டும். 2 கிலோ வெள்ளாட்டுக் குட்டிக்கு அது 200 மில்லி, 7 கிலோ அல்பாகா குட்டிக்கு 700 மில்லி. ஒரே தடவையில் அல்ல, பல வேளைகளாகப் பிரித்து.

நம் வீடுகளில் சீம்பாலில் வெல்லம் சேர்த்து வேகவைப்பது உண்டு. அது கட்டியாக உறைவதை எல்லோரும் பார்த்திருப்போம். சாதாரணப் பாலைக் காய்ச்சினால் அப்படி உறையாது. நோயெதிர்ப் புரதங்களும் அவற்றோடு சேர்ந்த பிற புரதங்களும் சீம்பாலில் அவ்வளவு செறிவாக இருப்பதால்தான் சூடு பட்டதும் திரண்டு இறுகுகின்றன. இறுகிய புரதம் நோயை எதிர்க்காது. சீம்பாலைக் குட்டிக்குக் கொதிக்கவைத்துக் கொடுத்தால், கொடுக்க வேண்டிய பொருளையே அழித்துவிட்டுக் கொடுப்பதாகும். அதிகம் சுரக்கும் தாய் ஒன்றிடமிருந்து முதல் நாளே கறந்து உறைநிலைப் பெட்டியில் வைத்துக்கொள்ளும் பண்ணைகள் பல. ஓராண்டு வரை கெடாது. உருக்கும்போது பாத்திரத்தை 50 டிகிரிக்குக் குறைவான வெந்நீரில் வைத்துப் பொறுமையாக உருக்க வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பு ஓரத்தில் வேகவைத்து நடுவில் பனியாக விட்டுவிடும்.

சேமித்த சீம்பால் சொந்தத் தொழுவத்து ஆட்டினுடையதாக இருப்பது மேல். தாய் தான் வாழும் இடத்தில் எந்தக் கிருமிகளைச் சந்தித்ததோ அவற்றுக்கு எதிரான புரதங்களைத்தான் சீம்பாலில் சேர்த்து வைக்கிறது. சினை ஆட்டுக்கு ஈனுவதற்குச் சில வாரங்களுக்கு முன் துள்ளுமாரித் தடுப்பூசி போட்டால் அதன் பலன் சீம்பால் வழியே குட்டிக்கும் போகும். தொலைவில் உள்ள பண்ணையின் சீம்பால் பயனற்றதல்ல. ஆனால் உங்கள் தொழுவத்தின் கிருமிகளை அது அறியாது.

அல்பாகாவின் சீம்பால் கிடைக்காதபோது வெள்ளாட்டின் சீம்பாலையோ பசுவின் சீம்பாலையோ கொடுக்கிறார்கள். அது வேலையும் செய்கிறது. இதில் வியப்புக்கு இடமுண்டு, ஏனெனில் அல்பாகாவின் நோயெதிர்ப் புரதங்களில் ஒரு பகுதி மற்ற பாலூட்டிகளிடம் இல்லாத வகை. பொதுவாக நோயெதிர்ப் புரதத்தில் கனமான சங்கிலி இரண்டும் லேசான சங்கிலி இரண்டும் சேர்ந்திருக்கும். ஒட்டகக் குடும்பத்தில் லேசான சங்கிலியே இல்லாத ஒரு வகை உண்டு. பெல்ஜியத்தில் ரேமண்ட் ஹாமர்ஸ் குழுவினர் ஒட்டக ரத்தத்தில் அதைக் கண்டு 1993-இல் அறிவித்தார்கள். அந்தச் சின்னஞ்சிறு புரதத்தின் நுனியிலிருந்து இன்று மனிதர்களுக்கான மருந்தே செய்கிறார்கள். ஆட்டுச் சீம்பாலில் அந்த வகை கிடையாது. இருந்தும் அதிலுள்ள சாதாரண வகையைக் குட்டியின் குடல் ஏற்றுக்கொள்கிறது, முதல் வாரங்களைக் கடக்க அது துணை நிற்கிறது. அந்த முதல் நாளும் தவறிப்போனால் மிஞ்சும் வழி கால்நடை மருத்துவரிடம் உள்ளது: வளர்ந்த அல்பாகாவின் ரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மாவைக் குட்டிக்கு ஏற்றுவது. குட்டியின் ரத்தத்தில் நோயெதிர்ப் புரதம் லிட்டருக்கு 10 கிராமுக்கு மேல் இருந்தால் நிம்மதி என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவுகோல்.

முதல் நாள் கடந்ததும் உணவின் கேள்வி தொடங்குகிறது. அல்பாகாவின் பால் எப்படிப்பட்டது? நெடுங்காலம் இதற்குத் தெளிவான பதில் இல்லை. காட்டு விகூன்யாவிலிருந்து ஆறேழாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆண்டீஸ் மக்கள் அல்பாகாவைப் பழக்கினார்கள். கம்பளிக்கு வளர்த்தார்கள், இறைச்சிக்கு வளர்த்தார்கள், சாணத்தை எரித்துக் குளிர் காய்ந்தார்கள். ஆனால் அதையும் லாமாவையும் கறந்து குடிக்கும் வழக்கம் அவர்களிடம் வளரவில்லை. வெள்ளாட்டின் கதை நேர் எதிர். ஈரானின் சாக்ரோஸ் மலைச்சரிவுகளில் சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் பழக்கப்பட்ட அந்த விலங்கை மனிதர் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கறந்து வருகிறார்கள். அதன் பாலை அளந்து எழுதாத நாடே இல்லை எனலாம். கறக்கப்படாத விலங்கின் பாலை யாரும் அளக்க முனையவில்லை. 1980-களிலிருந்து அல்பாகாவும் லாமாவும் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, பிரிட்டன் என்று பண்ணைகளுக்குப் பரவியபோதுதான் தாயற்ற குட்டிகளுக்கு என்ன கொடுப்பது என்ற கேள்வி ஆய்வகத்தின் கதவைத் தட்டியது.

அமெரிக்காவில் லாமாக்களின் பாலை ஆராய்ந்து 1995-இல் வெளியிட்ட கணக்கு இன்றும் பயன்படுகிறது. சராசரியாகக் கொழுப்பு 2.7 சதவீதம், புரதம் 3.4 சதவீதம், லாக்டோஸ் எனும் பால்சர்க்கரை 6.5 சதவீதம். வெள்ளாட்டுப் பாலில் கொழுப்பு ஏறக்குறைய 4, லாக்டோஸ் 4.5 அளவில் நிற்கும். அல்பாகாவின் பாலை அளந்தவர்களின் எண்கள் இடத்துக்கு இடம், மேய்ச்சலுக்கு மேய்ச்சல் கணிசமாக வேறுபடுகின்றன. அதன் நெருங்கிய உறவான லாமாவின் கணக்கு பொதுவான படத்தைத் தருகிறது: கொழுப்பு குறைந்த, இனிப்பு மிகுந்த பால்.

இனிப்பு ஏன் இவ்வளவு? பாலூட்டிகளின் பாலைப் பொதுவாகப் பார்த்தால் ஒரு போக்கு தெரியும். பனிக்கட்டியின் மேல் குட்டி போட்டு, சில நாளோ வாரமோ மட்டும் ஊட்டிவிட்டுப் போகும் சீல்களின் பாலில் பாதிக்குப் பாதி கொழுப்பாக இருக்கலாம். தாயின் காலடியிலேயே திரிந்து, நினைத்தபோதெல்லாம் ஒரு வாய் குடிக்கும் குட்டிகளுக்கு நீர்த்த, இனிப்பான பால் போதும். அல்பாகா குட்டி இரண்டாவது வகை. நாள் முழுக்கத் தாயோடு நடக்கும், அடிக்கடி ஊட்டும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சமே குடிக்கும்.

அந்த இனிப்புக்கு இன்னொரு விளைவும் உண்டு. அது எனக்கு மிகப் பிடித்த பகுதி. பாலின் ஊடுபரவல் அழுத்தம் தாயின் ரத்தத்தோடு எப்போதும் சமமாக நிற்கும். மடியின் செல்கள் லாக்டோஸைச் செய்து வெளியே தள்ளும்போது, அழுத்தத்தைச் சமன்செய்யத் தண்ணீர் பின்னாலேயே வந்துவிடுகிறது. பால் நீராக இருப்பதே இப்படித்தான். அழுத்தத்தின் பெரும்பங்கை லாக்டோஸ் எடுத்துக்கொண்டால் உப்புகளுக்கு மிஞ்சும் இடம் குறையும். லாமாவின் பாலில் சோடியம், பொட்டாசியம், குளோரைடு மூன்றும் பசும்பாலையும் ஆட்டுப்பாலையும்விடக் குறைவு என்று அதே ஆய்வு கண்டது. ஆகவே அல்பாகா குட்டியின் உடல் உப்புக் குறைந்த பாலுக்குப் பழகியது. பால் மாவைக் கெட்டியாகக் கரைத்துக் கொடுப்பதன் அபாயம் இங்கே தொடங்குகிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அப்படியானால் அல்பாகா குட்டிக்கு எது? அனுபவம் உள்ள பண்ணைகளும் மருத்துவர்களும் வந்து சேர்ந்திருக்கும் விடை எளிமையானது: வெள்ளாட்டுப் பால், இல்லாவிட்டால் கொழுப்பு எடுக்காத பசும்பால். இரண்டுமே அல்பாகாவின் பால் அல்ல. இரண்டிலும் லாக்டோஸ் குறைவு. ஆனால் குடல் அறிந்த சர்க்கரையும் குடல் அறிந்த புரதமும் அவற்றில் உள்ளன. செம்மறியின் பாலில் கொழுப்பு 6, 7 சதவீதம். செம்மறிக் குட்டிக்கென்று விற்கும் பால் மாவும் அதே கொழுப்புச் செறிவோடு தயாராகிறது. நீர்த்த பாலுக்குப் பிறந்த குட்டிக்கு அது பாரம்.

வெள்ளாட்டுக் குட்டிக்கு முதல் தேர்வு சந்தேகமின்றி இன்னொரு வெள்ளாட்டின் பால். தமிழ்நாட்டில் வெள்ளாட்டை இறைச்சிக்காகவே அதிகம் வளர்க்கிறோம். ஒரு தாய் இன்னொரு குட்டிக்கும் சேர்த்துச் சுரப்பது அரிது. அப்போது கடையில் கிடைக்கும் பாக்கெட் பாலைப் பார்ப்போம். டோன்டு பாலில் கொழுப்பு 3 சதவீதம், ஸ்டாண்டர்டைஸ்டு பாலில் 4.5, ஃபுல் க்ரீமில் 6. வெள்ளாட்டுப் பாலுக்கு மிக அருகில் நிற்பது நடுவில் உள்ளதுதான். வீட்டுப் பசுவின் பால் கிடைத்தால் அதுவும் தகும். எருமைப்பால் 7 சதவீதக் கொழுப்போடு இருப்பதால் பச்சைக்குட்டிக்கு அப்படியே கொடுப்பதை நான் தவிர்க்கச் சொல்வேன்.

இனி இரண்டாவது கேள்வி, குடலின் திறமை. குட்டியின் சிறுகுடலில் லாக்டோஸை உடைக்கும் நொதி நிறைய உண்டு. நாம் காப்பியில் போடும் சர்க்கரையான சுக்ரோஸை உடைக்கும் நொதி, ஆடு மாடு போன்ற அசைபோடும் விலங்குகளின் குடலில் இல்லவே இல்லை. வளர்ந்த ஆடு கரும்புச் சோகையைத் தின்றால் அதன் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அந்தச் சர்க்கரையைக் கவனித்துக்கொள்ளும். குட்டிக்கு அந்த நுண்ணுயிர்ப் படையும் இன்னும் சேரவில்லை. ஆகவே பாலில் போட்ட சர்க்கரையும் வெல்லமும் செரிக்காமல் பெருங்குடலுக்கு இறங்கி அங்கே புளிக்கின்றன; தண்ணீரை இழுத்துக் கழிச்சலாக வெளியேறுகின்றன. சோர்ந்த குட்டிக்குத் தெம்பு வரட்டும் என்று அன்போடு சேர்க்கும் ஒரு கரண்டி சர்க்கரை, அதன் உடம்பிலுள்ள நீரை வடித்துவிடுகிறது. டப்பாவில் வரும் இனிப்புச் சுண்டிய பாலும், சர்க்கரை கலந்து விற்கும் டீ, காப்பிக்கான பால் பவுடரும் இதனால்தான் ஆகாது. அல்பாகா குட்டியின் சிக்கல் வேறு விதம். ஒட்டகக் குடும்பம் ரத்தச் சர்க்கரையை இறக்குவதில் மெதுவானது. நோயுற்ற பச்சைக்குட்டியின் ரத்தத்தில் சர்க்கரை எளிதில் எகிறி, சிறுநீராக நீரை இழக்கச் செய்யும். அங்கும் சர்க்கரை சேர்க்கக் கூடாது.

புரதத்துக்கும் இதே கண்டிப்பு. வெள்ளாட்டுக் குட்டியின் உண்மையான வயிற்றில், அதாவது நான்கு அறைகளில் நான்காவதில், ரெனின் என்ற நொதி சுரக்கிறது. அது பாலிலுள்ள கேசினைச் சில நிமிடங்களில் தயிர்க்கட்டியாகத் திரட்டும். பாலாடைக்கட்டி செய்பவர்கள் பல நூற்றாண்டுகளாகக் குட்டிகளின் வயிற்றிலிருந்து எடுத்தது இதைத்தான். கட்டியிலிருந்து பிரிந்த நீர் லாக்டோஸோடு உடனே சிறுகுடலுக்குப் போகிறது. கொழுப்பைப் பிடித்து வைத்த கட்டி வயிற்றில் தங்கி, பல மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து உணவாகிறது. இரண்டு வேளைகளுக்கு இடையே குட்டி பசியில்லாமல் தூங்குவது அதனால்தான். சோயாப் புரதம் இப்படித் திரளாது. பச்சைக்குட்டியின் வயிறு அதை உடைக்கும் திறனை இன்னும் பெறவில்லை. முதல் 3 வாரங்களுக்குப் பால் மாவின் புரதம் முழுக்கப் பாலிலிருந்தே வந்திருக்க வேண்டும். அதிகச் சூட்டில் உலர்த்திய பால் மாவும் ஒழுங்காகத் திரளாது. விலை மலிந்த பால் மாவை வாங்குமுன் அதில் கலந்த பொருள்களின் பட்டியலைப் படிப்பது இதற்காக. கொழுப்பு, புரதம் இரண்டின் சதவீதமும் சரியாக இருந்து, புரதம் செடியிலிருந்து வந்திருந்தால், அந்த எண்கள் குட்டிக்கு உதவாது.

பால் அந்த நான்காவது அறைக்குப் போய்ச் சேர்வதே தனி ஏற்பாடு. வளர்ந்த ஆடு விழுங்கும் தழை முதலில் ருமென் என்ற பெரிய அறைக்குப் போகும். பால் அங்கே போனால் புளித்துக் கெடும். எனவே குட்டி உறிஞ்சும்போது உணவுக்குழாயின் முடிவில் உள்ள இரண்டு தசை உதடுகள் சேர்ந்து குழாயாக மூடிக்கொண்டு, பாலை ருமெனைத் தொடாமல் நேராக நான்காவது அறைக்கு அனுப்புகின்றன. அல்பாகாவின் வயிற்றில் அறைகள் மூன்றுதான். பாலைக் கடைசி அறைக்கு ஒதுக்கி அனுப்பும் ஏற்பாடு அதற்கும் உண்டு. உறிஞ்சுதல்தான் இந்தக் கதவை மூடும் சைகை. தலை சற்று உயர்ந்து, கழுத்து நீண்டு, மடியைத் தேடும் நிலையில் குட்டி இருக்க வேண்டும். தட்டில் ஊற்றிக் குனிந்து குடிக்க வைப்பதையும், மடியில் மல்லாத்தி ஊட்டுவதையும் கைவிடுங்கள். மல்லாந்த குட்டியின் பால் நுரையீரலுக்குள் போகும். அது நிமோனியாவாக முற்றினால் பிழைப்பது கடினம். ரப்பர் காம்பின் துளையும் இதில் சேர்ந்தது. புட்டியைக் கவிழ்த்தால் சொட்டாக வர வேண்டும், ஒழுகக் கூடாது. மெதுவாக உறிஞ்சும்போது எச்சிலோடு கொழுப்பை உடைக்கும் ஒரு நொதியும் பாலில் கலக்கிறது. கடகடவென்று விழுங்கினால் அது குறைகிறது.

ஒரு விதியை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். உடம்பு குளிர்ந்த குட்டிக்குப் பால் கொடுக்கக் கூடாது. வாய்க்குள் விரலை விட்டால் சில்லென்று இருந்தால், உடல் வெப்பம் 37 டிகிரிக்குக் கீழே இறங்கியிருந்தால், உறிஞ்சும் உணர்வும் விழுங்கும் உணர்வும் மங்கியிருக்கும், வயிறும் இயங்காது. முதலில் போர்த்தி, வெந்நீர்ப் புட்டிகளை அருகில் வைத்து, உடம்பைச் சூடேற்ற வேண்டும். பிறகு 38, 39 டிகிரிச் சூட்டில் பால். பசியால் இறக்கிறதே என்ற பதற்றத்தில் குளிர்ந்த வாய்க்குள் பாலை ஊற்றுவதால் குட்டி மூச்சடைத்துப் போகும்.

பால் மாவைப் பற்றி இரண்டு எச்சரிக்கை. அளவு முதலாவது. பெரும்பாலான மாவுகளை லிட்டருக்கு 125 முதல் 150 கிராம் வரை கரைக்கச் சொல்வார்கள். பாலின் இயல்பான செறிவும் அதே எல்லையில்தான் இருக்கிறது. எடைக்கருவியில் நிறுத்துப் போடுங்கள். கூடுதலாக அள்ளிப் போட்டால் கூடுவது சத்து மட்டுமல்ல, சோடியமும்தான். குட்டியின் ரத்தத்தில் உப்பு ஏறி, மூளைச் செல்கள் நீரை இழந்து, வலிப்பு வரும். கழிச்சல் கண்ட குட்டியில் இது இன்னும் வேகமாக நடக்கும். அருகில் எப்போதும் நல்ல தண்ணீர் இருக்கட்டும்.

இரண்டாவது எச்சரிக்கை அல்பாகாவுக்கு உயிர்ப் பிரச்சினை. கன்றுகளுக்கான சில பால் மாவுகளிலும் தீவனங்களிலும் ரத்தக்கழிச்சலைத் தடுக்க மோனென்சின், லாசலோசிட் போன்ற மருந்துகளைக் கலக்கிறார்கள். குறித்த அளவில் மாட்டுக் கன்றும் வெள்ளாடும் மோனென்சினைத் தாங்கும். ஒட்டகக் குடும்பம் இந்த வகை மருந்துகளைத் தாங்காது. செல்களின் உப்புச் சமநிலையை அவை குலைக்கின்றன. இதயத் தசையும் உடல் தசைகளும் சிதைகின்றன. இதே வகையைச் சேர்ந்த சலினோமைசின் தீவனத்தில் தவறிக் கலந்து அல்பாகாக்கள் இறந்திருக்கின்றன. மருந்து கலந்த மாவா இல்லையா என்பதைக் கொழுப்புச் சதவீதத்துக்கு முன்னால் பாருங்கள்.

வெள்ளாட்டுப் பால் நல்லது என்றேன். யாருடைய வெள்ளாடு என்பதும் முக்கியம். ஆடுகளின் மூட்டையும் குட்டிகளின் மூளையையும் தாக்கும் ஒரு வைரஸ் நோய் 1974-இல் அமெரிக்காவில் முதலில் விவரிக்கப்பட்டது. அது பரவும் முக்கிய வழி சீம்பாலும் பாலும். நோயுள்ள மந்தைகளில் குட்டியைப் பிறந்தவுடன் பிரித்து, சீம்பாலை 56 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்துக் கொடுக்கிறார்கள். வைரஸ் அழியும், நோயெதிர்ப் புரதத்தின் பெரும்பகுதி தப்பும். அந்தச் சூட்டிலிருந்து சில டிகிரி தாண்டினாலும் சீம்பால் கெட்டியாகத் தொடங்கிவிடும். பின்னாளில் கொடுக்கும் பாலை 63 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் போதும். வளர்ப்பவரின் உடல்நலத்துக்கும் இது பொருந்தும். மால்ட்டா தீவில் பிரிட்டிஷ் படைவீரர்களை வாட்டிய காய்ச்சலின் கிருமியை டேவிட் புரூஸ் 1887-இல் பிரித்தெடுத்தார். அது எங்கிருந்து வருகிறது என்று தெரிய 1905 வரை காத்திருக்க நேர்ந்தது. அந்தத் தீவைச் சேர்ந்த தெமிஸ்டோக்கிளிஸ் சாம்மித் அதற்கு விடை கண்டார்: பார்க்க நலமாக இருந்த வெள்ளாடுகளின் பச்சைப் பால். அந்தக் கிருமி இன்றும் உலகின் பல பகுதிகளில் ஆடுகளிடம் இருக்கிறது.

எவ்வளவு கொடுப்பது? அல்பாகா குட்டிக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் 10 முதல் 15 சதவீதம், வெள்ளாட்டுக் குட்டிக்கு 15 முதல் 20 சதவீதம். தொடக்கத்தில் நாலைந்து வேளைகளாகப் பிரிக்க வேண்டும். குட்டி கத்துகிறது என்று ஒரே வேளையில் வயிறு புடைக்கக் கொடுத்தால், செரிக்காத பாலில் கிருமிகள் பெருகி, வயிறு உப்பி, சில மணி நேரத்தில் சாவும் நேரலாம். பசி கொஞ்சம் மிஞ்சிய குட்டி நலமாக இருக்கும். தொடங்கிய பாலை மாற்றாதிருப்பது இன்னொரு விதி. இன்று ஆட்டுப் பால், நாளை மாவு, மறுநாள் பசும்பால் என்று அலைவதைவிட, சற்றுக் குறையுள்ள ஒரே பாலைத் தொடர்ந்து கொடுப்பது குடலுக்கு நல்லது. மாற்றியே ஆக வேண்டுமென்றால் நாலைந்து நாளில் படிப்படியாகக் கலந்து மாற்றுங்கள். தேர்வு சரியா என்பதைத் தராசு சொல்லும். அல்பாகா குட்டி நாளுக்கு 100 முதல் 200 கிராம் வரை ஏற வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதி வையுங்கள். கண்ணுக்குத் தெரியும் முன்னே மெலிவு எண்ணில் தெரிந்துவிடும்.

பாலோடு சேர்ந்து இன்னொன்றும் குட்டிக்குள் போகிறது: தான் யார் என்ற அறிவு. தனியே, வீட்டுக்குள், மனிதர் மடியில் வளர்ந்த ஆண் அல்பாகாவோ ஆண் லாமாவோ மனிதரைத் தன் இனமாகவே கருதத் தொடங்கிவிடலாம். குட்டியாக இருக்கையில் அது எல்லோரையும் கவரும். பருவமடைந்ததும், மந்தையின் மற்ற ஆண்களோடு மோதுவதுபோல மனிதரோடு மோதும். மார்பால் தள்ளும், கடிக்கும், கீழே வீழ்த்தி மிதிக்கும். 60, 70 கிலோ அல்பாகாவையே சமாளிப்பது கடினம், லாமா அதைப்போல் இரு மடங்கு. விதை நீக்கினாலும் பழக்கம் முழுதும் மாறாது. அப்படிப்பட்ட ஆண்கள் பல கடைசியில் கொல்லப்பட்டிருக்கின்றன. ஆகவே புட்டியை மந்தைக்குள் எடுத்துச் செல்லுங்கள். பாலைக் கொடுங்கள், குட்டியைத் தடவாமல் திரும்புங்கள். பகலும் இரவும் அது தன் இனத்தோடு இருக்கட்டும். சுரக்கும் தாய் ஒன்று அதை ஏற்றுக்கொள்ளும் அறிகுறி தெரிந்தால், எவ்வளவு நல்ல பாலை நீங்கள் தேர்ந்தெடுத்திருந்தாலும் புட்டியைக் கீழே வைத்துவிட்டு அந்தத் தாயிடம் விடுங்கள்.